அத்தியாயத்த முழுசா வெட்டணுமா, உள்ள இருக்குற கதைய மட்டும் உருவணுமா?

நாவல்ல நல்லா வந்த அத்தியாயம்தானேன்னு ஒன்ன வெட்டி சிறுகதைன்னு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், நல்லா இருக்கு ஆனா முடியலயேன்னு திரும்பி வந்துச்சு. அப்புறம்தான் பெரிய ஆளுங்க எப்படி வெட்டிருக்காங்கன்னு பாத்தேன்.

ஜெர்மன் மொழியில எழுதின காஃப்கா ரெண்டு விதமாவும் பண்ணிருக்காரு. 1913-ல வந்த 'ஸ்டோக்கர்' அவரோட அமெரிக்கா நாவலோட முதல் அத்தியாயம், முழுசா. கார்ல்னு ஒரு பையன் நியூயார்க்ல இறங்கப்போற நேரத்துல குடைய மறந்துட்டு கப்பலுக்குள்ள திரும்பிப் போறான், அங்க ஸ்டோக்கர், அதாவது கொதிகலன்ல வேல பாக்குற ஆளு, தனக்கு நடந்த அநியாயத்த சொல்லப்போக அவனுக்காக கேப்டன் வரைக்கும் போய் வாதாடுறான், நடுவுல திடீர்னு பணக்கார மாமா வந்து பையன படகுல ஏத்திட்டு போயிடுறாரு, அந்த ஆளு அம்போ. ஊர விட்டு ஏன் அனுப்பினாங்கன்றது கூட மாமா வாயாலயே வந்துடுது, அதனால தனியா நிக்குது. இருந்தும் 'ஒரு துண்டு'ன்னுதான் துணைத்தலைப்பு போட்டாரு, நேர்மையான மனுஷன்.

1915-ல பிராக் வாரப்பத்திரிகை ஒன்னுல வந்த 'சட்டத்தின் முன்' வேற ரகம். 'விசாரணை' நாவல்ல தேவாலய அத்தியாயத்துல பாதிரியார் சொல்ற குட்டிக்கதை அது, அத மட்டும் உருவிட்டாரு. சட்டத்துக்குள்ள போக வந்த ஒரு ஆள வாசல் காவலாளி உள்ள விடாம நிறுத்தி வைக்கிற கதை. நாவல்ல கதை முடிஞ்சதும் காவலாளி ஏமாத்தினானா இல்லயான்னு பாதிரியாரும் நாவலோட நாயகன் கே-யும் பக்கம் பக்கமா பேசுவாங்க, தனியா வந்தப்ப அந்தப் பேச்சே கிடையாது, அத நாமதான் பேசிக்கணும். காவலாளி கதவ சாத்தப்போறேன்னு சொல்றதோட கதையும் சாத்திக்குது. நாவல் அவரு செத்த பிறகு 1925-லதான் வந்துச்சு, ஆனா அந்தப் பத்து வருஷமும் நாவல் இல்லயேன்னு இந்தக் கதை ஏங்கல. என் ஓட்டு இதுக்குத்தான்.

மூணாவதா ஒன்னு, 'டிராகுலாவின் விருந்தாளி' (இது 'டிராகுலா' நாவல் எழுதின பிராம் ஸ்டோக்கர், கொதிகலன் ஸ்டோக்கர் இல்ல). நாவல் நீளமாயிடுச்சுன்னு எடுத்த பகுதின்னு சொல்லி அவரு மனைவி 1914-ல போட்டாங்க. மியூனிக், பனி, கல்லறை, நெஞ்சு மேல ஓநாய்னு மிரட்டலா போகும், கடைசியில டிராகுலா கிட்ட இருந்து ஒரு டெலிகிராம். டிராகுலா யாருன்னு தெரிஞ்சவனுக்கு சிலிர்க்கும், தெரியாதவன் யாருப்பா இதுன்னு கேப்பான்.

என் அத்தியாயமும் ஒரு போன் கால்லதான் முடியும், யாருன்னு அடுத்த அத்தியாயத்துலதான் தெரியும். இப்ப அந்தப் போன தூக்கிட்டேன், நடுவுல ஆயா சொல்ற கிணத்துக் கதைய மட்டும் வச்சு நாலு பக்கம் எழுதிட்டு இருக்கேன்.