வாரம் இருபது சொல்லா, எட்டுச் சொல்லா?

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் ஆறாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். வாராவாரம் சொல் படிக்க வைக்க மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை இருபது சொல் கொடுத்து வெள்ளிக்கிழமை டிக்டேஷன் வைப்பது ஒன்று. ஒரு லத்தீன் வேரைப் பிடித்து அதன் பிள்ளை குட்டிகளையெல்லாம் படிப்பது இன்னொன்று. மூன்றாவது, நடத்துகிற பாடத்திலிருந்தே ஏழெட்டுச் சொல்லை எடுத்து அட்டையில் எழுதி, பெட்டியில் போட்டு, வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்பது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருபது சொல் பட்டியலை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஒருநாள் முப்பது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்திப் பார்க்கட்டும். அதைப்போல லகுவானது எதுவும் இல்லை. ஃபோர் லைன் நோட்டு, சிவப்பு மை, இருபதுக்குப் பதினெட்டு, பெற்றோருக்கும் திருப்தி. ஸ்பெல்லிங் நிஜமாகவே தேறுகிறது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தாளில் ஆரம்பத்திலேயே சினானிம், ஆன்டனிம் ஒரு மார்க் கேள்விகளாக வருவதால் "மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?" என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும்.

ஆனால் என்னிடம் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன், டிக்டேஷனில் ஃபுல் மார்க், 'ரிலக்டன்ட்' என்ற சொல்லுக்கு ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. மூன்று வாரம் கழித்துக் கட்டுரையில் 'ஐ ஹேவ் எ ரிலக்டன்ட் டு கோ' என்று எழுதி வைத்திருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நோட்டில் நான் எழுதிப்போட்ட மீனிங் 'தயக்கம்'. ரிலக்டன்ட் பெயரடை, தமிழில் தயக்கம் பெயர்ச்சொல், "எனக்கு ஒரு தயக்கம் இருக்கு" என்றுதானே சொல்கிறோம், அதையே அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று மீனிங் கொடுத்தால், அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே உட்காரும் என்பது போயே போய்விடுகிறது. தப்பு செய்தால் பத்துத் தடவை இம்போசிஷன் எழுத வைக்கிறோமே, அதனால் கையெழுத்து வேண்டுமானால் திருந்தலாம்.

அப்புறம் மறதி. 1885-லேயே எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதிவிட்டார்: முதல் நாளிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும், பிறகு மறப்பது மெதுவாகும். வெள்ளிக்கிழமை டெஸ்ட் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டால், கரையவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான். பள்ளிப் பட்டியலில் வருகிற சொற்களைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல். 'ஆல்தோ', 'அன்லெஸ்' வைத்து ஒரு வாக்கியம் எழுதத் தெரியாத பிள்ளைக்கு வாயில் நுழையாத சொல்லாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் வேலை பார்த்த ஆசிரியர், அடிக்கடி பயன்படுகிற சுமார் 2,000 சொற்களைத் திரட்டி 1953-இல் வெளியிட்டார். முதலில் அது மாதிரி சொற்கள் முடியட்டும், பகட்டெல்லாம் பிறகு.

வேர்ச்சொல் வழிக்கு வருவோம். இது எட்டாவதுக்கு மேல் நன்றாக வேலை செய்கிறது, நடத்துகிற எனக்கும் குஷி. 'ரப்ட்' என்றால் உடைந்தது என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் இன்டரப்ட், எரப்ட், கரப்ட், அப்ரப்ட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பேங்க்ரப்டுக்குப் பின்னால் இத்தாலியப் பணமாற்றுக்காரரின் உடைந்த பெஞ்ச் இருக்கிறது என்று சொன்ன வகுப்பில் யாரும் மணி பார்க்கவில்லை. ஆறாவது பிள்ளைகளுக்கு மட்டும் இது வேண்டாம், அவர்களுக்கு வேரைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு மரமே இன்னும் முளைக்கவில்லை.

ஆனால் வேர் சில நேரம் காலை வாரிவிடும். 'இன்' முன்னால் வந்தால் 'இல்லை' என்று ஒரு வாரம் நடத்தினேன்: இன்கரெக்ட், இன்விசிபிள், இன்கம்ப்ளீட். எங்கள் பக்கம் மணலியிலிருந்து வருகிற டேங்கர் லாரிகள் நாளெல்லாம் போகும், பின்னால் பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. அடுத்த நாள் ஏழாவது படிக்கிற ஒருத்தி வந்து, "மிஸ், அப்ப அது தீப்பிடிக்காத லாரியா?" என்கிறாள். அங்கே அந்த 'இன்'னுக்கு 'இல்லை' என்ற அர்த்தமே கிடையாது, ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுமே தீப்பிடிக்கும் என்பதுதான். அதேபோல எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட்டில் உள்ள போர்ட் சுமப்பதைக் குறிக்கும் வேர், துறைமுகத்தைச் சொல்கிற போர்ட் வேறு லத்தீன் சொல். ஹார்பர் பக்கத்திலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேர் ஒரு துப்பு, அவ்வளவுதான்; சரிதானா என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

இனி பெட்டி. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை. என்னுடையது பழைய செருப்புப் பெட்டி, உள்ளே அட்டை வைத்து நான்கு தடுப்பு. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பானால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் கேட்பேன், இரண்டாவதை வாரம் இரண்டு தடவை, மூன்றாவதை வாரம் ஒரு தடவை, கடைசியை மாதம் ஒரு தடவை. வாரம் எட்டு என்று பத்து வாரத்தில் எண்பது அட்டை சேர்ந்தாலும் முக்கால்வாசி பின் அறைகளுக்குப் போய்விடுவதால் ஒரு நாளுக்குப் பத்து நிமிஷம் போதும். அட்டையின் பின்பக்கம் ஒற்றைச் சொல் மீனிங் எழுதுவதை விட்டுவிட்டேன். ரிலக்டன்டுக்கு இப்போது 'போக மனசில்லாமல் வாசலிலேயே நின்றான்' என்று முழு வாக்கியம், அதை இங்கிலீஷில் சொன்னால்தான் அட்டை நகரும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்பெல்லிங்கில் இருபது சொல் டிக்டேஷனை இது நெருங்காது, அதனால் தப்பான அட்டையை மட்டும் எழுத வைக்கிறேன். அட்டை தொலையும், எழுதித் தயாரிக்க எனக்கு ஞாயிறு சாயந்திரம் காலி. செல்போன் ஆப்பில் இதெல்லாம் தானாகவே நடக்கும்தான், ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்குத்தான் திரும்புகிறது.

போன மாதம் ஒரு அம்மா நேராகவே கேட்டார்: "பக்கத்து டியூஷன்ல இருபத்தஞ்சு வார்த்தை குடுக்கறாங்க, நீங்க எட்டுதானா மிஸ்?" பதில் சொல்வதற்குப் பதில் அவர் மகளின் பெட்டியையே ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, பின்பக்கம்தான் தமிழ் வாக்கியம் இருக்கிறதே. இப்போது ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே அதைப் படித்துக் கேட்கிறாராம், மகள் தடுமாறினால் அட்டை மறுபடி முதல் அறைக்கு.