கடற்கரையா, புதர்க்காடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் எங்களுக்கு, சனிக்கிழமை காலை பிள்ளைகளையும் நாயையும் கூட்டிப்போக இரண்டு இடம்தான்: கடற்கரை, இல்லையென்றால் ஓடையோரப் புதர்க்காடு.

கடற்கரை சுலபம். நண்டு வளைக்குள் ஓடும், நாய் மண்ணைத் தோண்டும், பிள்ளைகள் சிரிப்பார்கள். கரையை நோக்கிக் காற்றடித்தால் மட்டும் கவனம் வேண்டும். அப்போது ஒதுங்கும் புளூபாட்டில் என்ற ஜெல்லிமீன் போன்ற நீல உயிரி செத்துக் கிடந்தாலும் கொட்டும். குளிக்கும் இடங்களில் நாய்க்குத் தடை இருக்கலாம், பலகையைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் பிள்ளைகள் நிஜமாகக் கற்பது புதர்க்காட்டில்தான். நாய் மூக்கை வைத்த இடத்தில் என் மகள் குந்தி உட்கார்ந்தாள். இலைச்சருகுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மரவட்டை. "ஆயா, இதுக்கு எத்தனை காலு?" என்று கத்தினாள். அவள் ஆயா, அதாவது என் அம்மா, பத்து நிமிஷம் எண்ண விட்டார். கடற்கரையில் அந்தப் பொறுமை அவளுக்கு வந்ததே இல்லை.

புதர்க்காட்டில் நாயைக் கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். பஃப் அடர் என்ற விரியன் ஆள் வந்தாலும் நகராமல் கிடக்கும், முதலில் மோப்பம் பிடிக்கப்போவது நாய்தான். வீடு திரும்பியதும் காது மடல், கால்விரல் இடுக்கு என்று உண்ணி தேடுவோம். உண்ணியால் நாய்க்குப் பிலியரி என்ற ரத்த நோய் வரும், ஈறு வெளுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகளின் காலையும் பார்ப்போம்.

எங்கே போனாலும் நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் அந்த நோய் இன்னும் இருக்கிறது.

பிள்ளை நான்கு வயதுக்குக் கீழே என்றால் கடற்கரை. அதற்கு மேல் என் ஓட்டு புதர்க்காட்டுக்கு.