ஆக்சிமீட்டரா, மூச்சை எண்ணுவதா?

ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற எண் சில நொடியில் வந்துவிடும். வேகத்துக்கு அதுதான். ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலோ, அடர்நிற நகப்பூச்சு இருந்தாலோ அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

மூச்சை எண்ண முழுசாக 1 நிமிடம் வேண்டும். கூட்டமான வார்டில் சிலர் எண்ணாமலே 18 என்று எழுதிவிடுவது அதனால்தான். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைக் கவனியுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி.

ஆக்சிமீட்டரில் 96, ஆனால் மூச்சு 28, கழுத்துத் தசை இழுக்கிறது என்றால்? உடல் திணறித்தான் அந்த 96-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. நானாக இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருப்பவரிடம் இன்னும் கவனம்: மூச்சு 8-க்கு இறங்கி, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்தாலும் கருவி நல்ல எண்ணையே காட்டலாம்.