ஒரு நாய், பதினொரு பெட்டி: கப்பலில் வருவதா, விமானத்தில் வருவதா?

அக்கா குடும்பம் நியூ ஜெர்சியிலிருந்து மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கே வந்துவிடுவது என்று முடிவெடுத்த அன்றே லட்டுவை எப்படிக் கொண்டுவருவது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. வீடு, பையனின் பள்ளி எல்லாம் அதற்கு அப்புறம்தான். லட்டு ஒன்பது வயது லாப்ரடார், 31 கிலோ, இடி இடித்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் சாது. "டேய், அவனைச் சரக்கோட சரக்கா ஏத்தி அனுப்ப எனக்கு மனசு ஒப்பலை. கப்பல்ல ஏதாவது வழி இருக்கான்னு பாரேன்" என்று அக்கா போனில் சொன்னாள். நங்கநல்லூரில் தலைக்கு மேலே விமானம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு மாதம் கப்பலைப் பற்றிப் படித்தேன். இதே குழப்பத்தில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் அத்தனையையும் இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்று. நாயோடு கடல் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் சொல்வது அநேகமாக ஒரே ஒரு கப்பலைத்தான். குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2. 2004 ஜனவரியில் முதல் பயணம் போனது, 345 மீட்டர் நீளம், நியூயார்க்கில் புரூக்ளின் துறையிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குப் பொதுவாக ஏழு இரவுகள். நாய், பூனைகளுக்கென்று தனிக் கூண்டறைகளும் பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள பயணிகள் கப்பல் இது. மற்ற சொகுசுக் கப்பல்களில் வழிகாட்டி நாய் போன்ற பணி நாய்களைத் தவிர வேறு பிராணிகளை ஏற்ற மாட்டார்கள். இதிலேயே கூட அட்லாண்டிக் தாண்டும் பயணத்துக்கு மட்டும்தான் அந்த வசதி. சென்னைக்கு வரும் கப்பல் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

பெட்டி விஷயத்தில் கப்பலை அடித்துக்கொள்ள ஆளில்லை. விமானத்தில் அமெரிக்கா-இந்தியா சாதாரண வகுப்பு என்றால் பல நிறுவனங்களில் தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. அதனால்தான் நம் வீடுகளில் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி குளியலறைத் தராசைக் கூடத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் திணிப்பது. கப்பலில் அந்தப் பதற்றமே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் 23 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எத்தனை பெட்டி என்று பெரிதாகக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். கேபின் எண் போட்ட சீட்டைக் கட்டித் துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுத்தால் பெட்டி கேபின் வாசலுக்கு வந்துவிடும், காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இறங்குவதற்கு முந்தின இரவு வாசலில் எடுத்து வைத்தால் அவர்களே கீழே இறக்கி வைப்பார்கள். மாற்றுத் துணியும் மாத்திரையும் பாஸ்போர்ட்டும் லட்டுவின் காகிதங்களும் கைப்பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா பினாங்குக்கு ரஜூலா கப்பலில் போய் வந்தவர். 1926இல் கடலில் இறக்கப்பட்டு, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. அவருடைய டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் ஊரும், உள்ளே ஓரத்தில் துருப்பிடித்த கீல், திறந்தால் இன்றைக்கும் லேசாக நாப்தலின் வாசனை. ஒரு ஆள் தனியாகத் தூக்கவே முடியாது. பெட்டியை எடை பார்த்துக் குறைக்க வேண்டும் என்ற யோசனையே அந்தத் தலைமுறைக்கு இருந்திருக்காது, கப்பல் அப்படி இடம் கொடுத்தது. அக்காவுக்குக் கப்பல் ஆசை வந்ததில் இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் சவுத்தாம்ப்டனில் இறங்கிய பிறகு? பதினொரு பெட்டியும் நாயும் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு வேன் பிடித்து, மறுபடி விமானம், மறுபடி அதே எடைக் கணக்கு. மூன்று பேருக்கு ஆறு பெட்டிதான் இலவசம் என்றால் மிச்ச ஐந்துக்கும் பணம் கட்ட வேண்டும். கப்பல் கொடுத்த தாராளம் பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. சவுத்தாம்ப்டனிலேயே, இல்லை லண்டனிலேயே குடியேறப் போகிறவர்களுக்குத்தான் அந்தத் தாராளம் முழுசாகக் கிடைக்கும்.

சரி, நாய் விஷயத்துக்கு வருவோம், அக்காவின் கவலை அதுதானே. கப்பலில் 12ஆம் தளத்தில் கூண்டறைகள். 2016இல் புதுப்பித்தபோது எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். நாய்கள் நடக்க ஒரு வெளித்தளம் இருக்கிறது, அங்கே லிவர்பூல் விளக்குக் கம்பம் ஒன்றும் நியூயார்க் தெருவில் இருக்கும் தீயணைப்புக் குழாய் ஒன்றும் நட்டு வைத்திருக்கிறார்கள், எந்த ஊர் நாயாக இருந்தாலும் பழகின இடம் மாதிரி காலைத் தூக்கட்டும் என்று. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்தது. பார்த்துக்கொள்ளும் ஆள் சாப்பாடு போட்டு, நடக்கவிட்டு, சுத்தம் செய்கிறார். நாமும் குறிப்பிட்ட நேரங்களில் போய்க் கூட இருக்கலாம். பூனை என்றால் இரண்டு கூண்டு எடுக்க வேண்டும், ஒன்று இருக்க, இன்னொன்று மண் தட்டு வைக்க. கூண்டுகள் கொஞ்சம்தான் என்பதால் பல மாதம் முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன. முதலில் கூண்டு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நமக்கு டிக்கெட் பார்க்க வேண்டும்.

அக்கா கவனிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. நாயைக் கேபினுக்குக் கூட்டிப்போக முடியாது. ராத்திரி அது தனியாகத்தான் தூங்க வேண்டும். ஒன்பது வருஷமாக அக்காவின் கட்டில் காலடியில் படுத்த நாய்க்கு ஏழு இரவு, ஆடுகிற தரையில், பக்கத்துக் கூண்டில் முன்பின் தெரியாத நாய்கள். இளம் நாய்கள் இரண்டு நாளில் பழகிவிடலாம். இடிக்கே நடுங்குகிற லட்டுவை அப்படி நினைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை.

விமானம்? நாய் போகும் சரக்கு அறையிலும் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பகுதியைப் போலவே பராமரிக்கப்படும். கூண்டு ஐஏடிஏ என்ற பன்னாட்டு விமான நிறுவனங்கள் சங்கத்தின் விதிப்படி இருக்க வேண்டும், நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள், உயரத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் தடுமாறும், பல நிறுவனங்கள் அப்படி மருந்து கொடுத்த நாயை ஏற்றவே மாட்டார்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்களுக்கு விமானம் உண்மையிலேயே ஆபத்து, நிறைய நிறுவனங்கள் மறுத்தும் விடுவார்கள். கப்பல் வழிக்கு வலுவான நியாயம் அவர்களிடம்தான் இருக்கிறது.

இப்போது நேரத்தை வைத்துப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானத்தில் ஏழெட்டு மணி நேரம், அங்கிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டி. கப்பல் மிச்சப்படுத்துவது முதல் ஏழெட்டு மணி நேரத்தை மட்டும். நாய் கூண்டுக்குள் அடைந்து பறக்கிற அந்தப் பத்து மணி நேரம் எப்படியும் பாக்கி நிற்கிறது. விமானப் பயணத்தைத் தவிர்க்கத்தான் கப்பல் என்றால், நீளமான பாதியைத் தவிர்க்கவே முடியாது. ஏழு இரவு கப்பலில் இருந்துவிட்டு, சோர்ந்த நாயை மறுபடி கூண்டில் ஏற்றுவதை விட, ஒரே மூச்சில் கொண்டுவந்து வீட்டில் விடுவது மேல் என்பது என் முடிவு. அக்காவுக்கு இதை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

காகித வேலையும் அப்படியே. நேரே சென்னைக்கு என்றால் மைக்ரோசிப், ரேபீஸ் தடுப்பூசி, மற்ற தடுப்பூசிகள், அமெரிக்க விவசாயத் துறை முத்திரை வைத்த உடல்நலச் சான்றிதழ், நம் ஊர் பிராணிகள் தனிமைப்படுத்தல் நிலையத்தின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. சென்னைக்கான நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. இன்னொரு முக்கியமான விதி: தொடர்ந்து இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவர்கள்தான் பிராணியைத் தங்கள் பேகேஜாகக் கொண்டுவர முடியும், அதுவும் அதிகபட்சம் இரண்டு. சும்மா லீவுக்கு வருகிறபோது கூட்டி வரலாம் என்று நினைக்காதீர்கள். கப்பல் வழி என்றால் இதோடு இங்கிலாந்துக்கான சான்றிதழும், நாய்க்கு அங்கே இறங்குவதற்கு முன் 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்ததற்கான பதிவும், பிறகு அங்கிருந்து கிளம்ப இன்னொரு சான்றிதழும் சேரும்.

சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறவர்களும் இதையே கேட்கிறார்கள், அவர்களுக்குப் பதில் சுருக்கமானது: கப்பலை மறந்துவிடுங்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிறுவனமான சிடிசியின் விதிகள் மாறிவிட்டன. நாய் ரேபீஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இருக்கிறது. இங்கே தடுப்பூசி போட்ட நாய் ஆறு மாத வயது தாண்டியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் டைட்டர் சோதனை வேண்டும், சிடிசி பதிவு பெற்ற பராமரிப்பு நிலையம் உள்ள நியூயார்க்கின் ஜேஎஃப்கே போன்ற குறிப்பிட்ட விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். டைட்டர் இல்லாமல் போனால் 28 நாள் தனிமை. லண்டன் வரை பறந்து அங்கிருந்து கப்பல் ஏறலாமே என்று கணக்குப் போடுகிறவர்களும், கடைசி ஆறு மாதத்தில் அந்த நாய் இந்தியாவில் இருந்திருந்தால் இதே விதிக்குள்தான் வருவார்கள்.

கடைசியில் நாங்கள் செய்தது இரண்டையும் பிரித்தது. கப்பல் பெட்டிகளுக்கு, விமானம் லட்டுவுக்கு. ஆறு பெட்டி கையோடு, மிச்ச ஐந்து பெட்டி கடல் சரக்காகச் சென்னைத் துறைமுகத்துக்கு. பெட்டி வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அவசரத்துக்குத் தேவைப்படுகிற எதையும் அதில் போடாதீர்கள். அங்கே பெட்டி கட்டின ஆட்கள் ஐந்துக்கும் பேக்கிங் லிஸ்ட்டில் "வீட்டுச் சாமான்" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டார்கள். சுங்கத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார்கள், நான் பாரிமுனைக்கும் தம்பு செட்டி தெருவுக்கும் நாலு நடை நடந்தேன், அதற்குள் டெமரேஜ், அதாவது சரக்கை எடுக்கத் தாமதமானதற்கான கட்டணம், ஏறிவிட்டது. எவர்சில்வர் பாத்திரம் 14, பழைய புத்தகம் 60, குக்கர் 2 என்று பெட்டிக்குப் பெட்டி எழுதி வாங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

லட்டு ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தான். அங்கே பிராணிகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது, கூண்டிலிருந்து இறக்கித் தண்ணீர் காட்டுவார்கள். மே, ஜூன் வெயிலைத் தவிர்த்து டிசம்பருக்குத் தேதி போட்டோம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கூண்டைக் கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வைத்து அக்கா பழக்கினாள். தண்ணீரை ஊற்றி வைத்தால் ஏற்றும்போதே சிந்திவிடும் என்று கிண்ணத்தோடு உறைய வைத்தாள். படுக்கைக்கு, துவைக்காத அவளுடைய பழைய நைட்டி ஒன்று.

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில் மருத்துவர் பார்த்து, சுங்கம் முடிந்து வெளியே வர ஐந்து மணி நேரம். கூண்டுக் கதவைத் திறந்ததும் லட்டு உடனே இறங்கவில்லை. நைட்டியை வாயில் கவ்விக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தரையில் உட்கார்ந்த பிறகு மெதுவாக வந்து மடியில் தலையை வைத்தான். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.