பால்டிமோரில் நண்டு: ஃபெய்ட்லீஸா, ஜி அண்ட் எம்மா, கோகோஸா?

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில். எங்கள் வீட்டிலிருந்து பால்டிமோர் விமான நிலையத்துக்கு 20 நிமிடம். அதனால் யார் வந்தாலும் அழைத்து வருவது என் வேலை. வந்திறங்குகிறவர்கள் பெட்டி வருவதற்குள் கேட்பதும் ஒன்றைத்தான்: "இந்த ஊர்ல நண்டு பிரமாதமாமே, எங்க சாப்பிடலாம்?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கென்று ஒரு கணக்கு வந்துவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

முதலில் கிராப் கேக். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்க வேண்டாம், கட்லெட்டின் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் நம் மீன் கட்லெட்டில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் குடும்பம் நடத்த, மீன் விருந்தாளியாக வந்து போகும். இங்கே தலைகீழ். நண்டுதான் எல்லாம். கொஞ்சம் மயோனைஸ், முட்டை, கடுகு, ஒரு கை பிஸ்கட் தூளோ ரொட்டித் தூளோ சேர்ப்பது உதிராமல் பிடித்து வைக்க மட்டும். உதிர்ந்துவிடுமோ என்கிற நிலையில் நிற்க வைப்பதுதான் கைப்பக்குவம். ஃபோர்க்கை வைத்ததும் வெள்ளைத் துண்டுகளாகச் சரிய வேண்டும். வடை மாதிரி சீராக வெட்டுப்பட்டால் ரொட்டிக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மெனுவில் 'ஜம்போ லம்ப்' என்று போட்டிருப்பார்கள். இங்கே பக்கத்திலிருக்கிற செசபீக் வளைகுடாவின் நீல நண்டுக்குக் கடைசி ஜோடிக் கால் நடக்க இல்லை, நீந்த. துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அந்தக் காலை அசைக்கிற தசைதான் ஜம்போ லம்ப். ஒரு நண்டுக்கு இரண்டே துண்டு, அதனால்தான் அந்த விலை. அதற்குக் கீழே லம்ப், பேக்ஃபின் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் கொடுக்குச் சதை. அது பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நண்டு ருசி அதில்தான் தூக்கல். கொடுக்கைக் கடித்து உறிஞ்சி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, கடைகளுக்கு வருவோம். ஃபெய்ட்லீஸ், பால்டிமோர் நகருக்குள் லெக்சிங்டன் மார்க்கெட்டில் 1886 முதல் இருக்கிற மீன்கடை. நான் முதலில் போனபோது மார்க்கெட் பழைய கட்டடத்தில் இருந்தது. நாற்காலி கிடையாது. உயரமான மேசையில் காகிதத் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஆளிச் சிப்பியைப் பிளந்து பச்சையாக விழுங்கிக்கொண்டிருந்தார். என் தட்டில் பந்து மாதிரி உருட்டிப் பொரித்த ஒரு கேக், ஓரத்தில் உப்பு பிஸ்கட். அந்த பிஸ்கட்டைத்தான் ரொட்டித் தூளுக்குப் பதிலாக நொறுக்கி உள்ளேயும் போடுகிறார்கள். ஃபோர்க் பட்டதும் மேலே இருந்த முறுகல் விரிந்து, கட்டைவிரல் கணு அளவுக்குத் துண்டு துண்டாகச் சரிந்தது. பிஸ்கட் இருந்த இடம் தெரியவில்லை. கடுகு மட்டும் மூக்கில் லேசாக ஏறியது. அன்று முதல் மற்ற எல்லா கேக்கையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன்.

ஜி அண்ட் எம் லிந்திகமில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 8 அவுன்ஸ் கேக், அதாவது சுமார் 225 கிராம். பொரிப்பதில்லை. மேலிருந்து அனல் அடிக்கும் அடுப்பில் வாட்டுகிறார்கள். தலை பொன்னிறமாகவும் உள்ளே மெத்தென்றும் லேசான இனிப்போடும் இருக்கும். சாதுவான ருசி. கார் நிறுத்த இடம் உண்டு, குழந்தைகளுக்குப் பாஸ்தா உண்டு, பாட்டியை உட்கார வைக்கச் சரியான நாற்காலி உண்டு. ஐந்து பேர், எட்டுப் பெட்டி என்று இறங்குகிற குடும்பத்தை நான் நேராக இங்கேதான் கூட்டிப் போவேன். வெளி மாநிலங்களுக்குப் பார்சலும் அனுப்புகிறார்கள். பொரித்ததை ஒரு முறை சாப்பிட்டுவிட்டால் வாட்டியது கொஞ்சம் அடக்கமாகத் தெரியும். ஆனால் அது என் நாக்கின் கோளாறு. என் மனைவியின் ஓட்டு ஜி அண்ட் எம்முக்குத்தான்.

மூன்றாவது கோகோஸ் பப். ஹார்ஃபோர்ட் ரோட்டில் தெருக்காரர்கள் வந்து பியர் குடிக்கிற மாதிரியான இடம். இங்கே கேக் 11 அவுன்ஸ், 310 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு நடுத்தர நண்டை உடைத்தால் 50, 60 கிராம் சதை தேறினாலே பெரிது. அப்படியானால் தட்டில் இருப்பது ஐந்தாறு நண்டு. அதிலும் பெரிய துண்டாகப் பொறுக்கிப் போட வேண்டுமென்றால் எத்தனை நண்டு வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ருசியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாதியைத் தாண்டியதும் எனக்குத்தான் திகட்டும். இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்தால் நல்ல சாப்பாடு, ஒருவர் முழுதாக முடித்தால் பந்தயம்.

ஆக, ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது என்றால் ஃபெய்ட்லீஸ். கூட்டமாகப் போனால் ஜி அண்ட் எம். நண்பனோடு சாயங்காலம் என்றால் கோகோஸ்.

ஆனால் கடையைவிட முக்கியமாக ஒன்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டது மாமா வந்த வருடம்தான். மாமாவுக்கு மண்டபம் பக்கம். மார்ச்சில் வந்து, விசாவில் கொடுத்த ஆறு மாதமும் எங்களோடு இருந்தார். வந்த வாரமே ஆசைப்பட்டாரே என்று நெடுஞ்சாலையோரம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். மெனுவில் 'மேரிலாந்து ஸ்டைல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வந்ததோ ஊறிப்போன ரொட்டி. மாமா ஒரு வாய் சாப்பிட்டு, "நண்டு குளிச்ச தண்ணில செஞ்சானா?" என்றார். பரிமாறிய பையனிடம் கேட்டால், டப்பாவில் வருகிற சதை என்று ஒளிக்காமல் சொன்னான். 'ஸ்டைல்' என்ற சொல் செய்முறைக்கு மட்டும்தான் ஜவாப்தாரி, நண்டுக்கு இல்லை.

மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் அதே மாதிரி ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். 'இந்தியத் தயாரிப்பு', இனத்தின் பெயர் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அட, இது நம்ம நீலக்கால் நண்டுல்ல" என்றார். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடுகிற அதே நண்டு. அவித்து, சதை பிரித்து, டப்பாவில் அடைத்துச் சூடேற்றி, குளிரில் வைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். நல்லதெல்லாம் கம்பெனி வண்டியில் போய்விடும், ஊர்ச் சந்தைக்கு வருவது மிச்சம்தான் என்று மாமா ஊரில் புலம்புவாராம். போன இடத்தைக் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் வந்து கண்டுபிடித்துவிட்டார். அந்த நண்டு மட்டமானதில்லை. ஆனால் மாதக்கணக்கில் டப்பாவில் இருந்தால் எந்த நண்டுக்கும் மணம் போய்விடும்.

மேரிலாந்து அரசே இதற்காக 2012ல் 'ட்ரூ ப்ளூ' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. உள்ளூர் நண்டு வாங்குகிற உணவகங்களை அடையாளம் காட்டுவது நோக்கம். அடையாளம் கண்ணில் படவில்லை என்றால் "நண்டு எங்கேயிருந்து?" என்று கேட்டுவிடுவேன். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இங்கே நண்டுப் பருவம் ஏப்ரல் முதல் டிசம்பர் நடு வரை. மற்ற மாதங்களில் முழு நண்டே லூசியானா, டெக்சாஸ் பக்கமிருந்து வரும். மார்ச்சில் மாமாவைக் கூட்டிப் போனது என் தப்பு.

அதற்குப் பரிகாரமாகத்தான் செப்டம்பரில் மேரிலாந்தின் தலைநகரான அனாபொலிஸ் போனோம். கேக்குக்கு உண்மையான போட்டி இன்னொரு கேக் இல்லை, ஆவியில் அவித்த முழு நண்டுதான். குளிர்காலத்துக்காகத் தின்று கொழுக்கிற மாதங்களில் ஆண் நண்டு கனமாக இருக்கும். அனாபொலிஸில் மில் கிரீக் ஓடையோரம் 1974 முதல் நடக்கிற கேண்ட்லர்ஸ், பால்டிமோர் நகருக்குள் லோகஸ்ட் பாயின்ட்டில் எல்பி ஸ்டீமர்ஸ் என்று இரண்டு இடம் எனக்குப் பழக்கம். தண்ணீர்க் காற்றுக்காகவே கேண்ட்லர்ஸ். மேசையில் பழுப்புக் காகிதம் விரித்து, மரச் சுத்தியல் ஒன்று கொடுத்து, டசன் கணக்கில் கொட்டிவிட்டுப் போவார்கள். விலை அன்றன்றைக்கு மாறும், கிளம்பும் முன் போன் செய்து கேட்பது நல்லது.

மேலே சிவப்பாக அப்பியிருக்கிற மசாலாவை ஓல்ட் பே என்றே எல்லாரும் சொல்வார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குஸ்டாவ் பிரன் என்ற யூதர் 1939ல் பால்டிமோரில் உருவாக்கிய கலவை அது. செலரி உப்பு, கடுகு, மிளகு, மிளகாய். ஆனால் நண்டுக் கடைகள் பலவற்றில் போடுவது ஜேஓ என்ற இன்னொரு மசாலா. அதில் உப்புக்கல் பெரிதாக இருப்பதால் ஓட்டில் ஒட்டி நிற்கும்.

மாமா தட்டிலிருந்த நண்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, வயிறு பளிச்சென்று வெள்ளையாக இருந்த இரண்டை ஒதுக்கினார். "இது இப்பதான் ஓடு கழட்டியிருக்கு, உள்ள தண்ணிதான்." துரு ஏறின மாதிரி அழுக்காக இருந்ததை எடுத்து உடைத்தார். சதை அடைத்துக்கொண்டு இருந்தது. பக்கத்து மேசை உள்ளூர்க்காரரும் அதே கணக்கில்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார். அமாவாசை நண்டு, பௌர்ணமி நண்டு என்று மாமா என்னை வைத்து அவருக்கும் விளக்கப் பார்த்தார். எனக்குத்தான் மொழிபெயர்க்க வரவில்லை. உருக்கிய வெண்ணெயை மாமா தொடவே இல்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: தக்காளி போட்ட நண்டு சூப் நம் வாய்க்குப் பிடிக்கும். பாலாடை சேர்த்த நண்டு சூப் கிண்ணத்தில் பாதியே போதும். பழைய ஓட்டைக் கழற்றி, புது ஓடு இன்னும் இறுகாத நண்டை முழுசாகப் பொரித்து ரொட்டியில் வைத்துத் தருவது மே, ஜூனில் ஒரு முறையாவது சாப்பிட வேண்டியது. பிரெட்சல் என்கிற முடிச்சு ரொட்டியில் நண்டு தடவித் தருவதை விட்டுவிடலாம்.

இங்கே நடக்கிற சின்னக் கால்களை யாரும் மெனக்கெட்டுச் சப்புவதில்லை, ஓட்டோடு குப்பைக்குப் போகும். மாமா எழுந்திருக்கும் முன் எங்கள் மேசையில் கிடந்த கால்களையெல்லாம் சேர்த்து ஒரு டப்பா கேட்டார். பரிமாறிய பெண் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அன்று இரவு வீட்டில் நண்டு ரசம். இடித்த காலில் ஒட்டியிருந்த மசாலாவே போதும் என்று மாமா உப்பு போட விடவில்லை.