சப்பை முக நாய்க்கு எந்த வாய்ப்பூட்டு: துணி உறையா, வலை முகமூடியா, கூடையா?

வழியில் கிடப்பதையெல்லாம் வாரி விழுங்கும் நாய்க்கும், அச்சத்தால் பிற நாய்களின்மீது பாயும் நாய்க்கும் நடைப்பயிற்சியின்போது வாய்ப்பூட்டு நல்ல காப்பு. ஆனால் பெரும்பாலான வாய்ப்பூட்டுகள் நீண்ட மூக்குள்ள நாய்களுக்காகவே வடிவமைக்கப்படுகின்றன. பக், ஃபிரெஞ்ச் புல்டாக், ஷிட்ஸு, பெக்கினீஸ் போன்ற சப்பை முக நாய்களுக்குப் பூட்டைத் தாங்கி நிறுத்த மூக்குத்தண்டு இல்லை. ஆகவே அது எளிதில் நழுவுகிறது. நழுவாதிருக்க வாரை இறுக்கினால், அதைவிடப் பெரிய கேடு தொடங்குகிறது.

நாயின் உடலில் பயனுள்ள வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில் மட்டுமே இருப்பதால், அது வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே பெரும்பாலும் உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சப்பை முக நாய்கள் பலவற்றுக்கு நாசித்துளைகள் ஒடுங்கியும், வாயின் மேற்புறப் பின்பகுதியான மென் அண்ணம் தேவைக்கு மேல் நீண்டும், சிலவற்றுக்கு மூச்சுக்குழலே குறுகியும் இருப்பதால், மற்ற நாய்கள் இயல்பாகச் செய்யும் இந்த வேலையை அவை பெருமுயற்சியோடு செய்கின்றன. ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். எனவே எந்த வாய்ப்பூட்டையும் நான் மூன்று கேள்விகளால், இந்த வரிசையிலேயே எடைபோடுவேன்: நாயால் வாயை முழுதாகத் திறக்க முடிகிறதா, கண்ணில் எதுவும் உரசுகிறதா, பூட்டு கழலாமல் நிற்கிறதா.

நைலான் துணி உறை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. தாடைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவதே அதன் செயல்முறை. அதை அணிந்த நாயால் மூச்சிரைக்கவோ தண்ணீர் குடிக்கவோ வாந்தியெடுக்கவோ முடியாது. நீண்ட மூக்கு நாய்க்கே அது சில நிமிடச் சிகிச்சைக்குரிய கருவிதான். சப்பை முக நாயின் நடைப்பயிற்சிக்கு அதைப் பூட்டவே கூடாது.

சப்பை முகத்துக்கென்றே விற்கப்படுவது வலை முகமூடி. முகம் முழுவதையும் மூடி, கண்களுக்குத் துளைவிட்டோ மெல்லிய வலையிட்டோ தைக்கப்படும் இது, மூக்குத்தண்டு இல்லாத முகத்திலும் ஓரளவு நிலைத்து நிற்கிறது. மூன்றாவது கேள்விக்கு இதன் விடை நன்று. ஆனால் தளர்வாகக் கட்டினால் துணி நகர்ந்து, துளையின் விளிம்பு கண்ணின்மேல் வந்துவிடுகிறது. துருத்தி நிற்கும் கண்களையுடைய இந்த இனங்களில், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான விழிவெண்படலம் எளிதில் கீறிப் புண்ணாகும் என்பதால் இதைச் சிறு குறையாக ஒதுக்க முடியாது. இறுக்கிக் கட்டினால் தாடை அசைய இடமிருப்பதில்லை. மேலும் சப்பை முக நாய்களிடம் உண்டதைக் கக்கும் இயல்பு மிகுதி. கக்கியது வலைக்குள் தேங்கி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் அழற்சி வரலாம். நகம் வெட்டும்போது, அருகில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்திருக்க, சற்று நேரம் அணிவிக்கலாம். அதற்கு மேல் இதை நம்ப எனக்கு மனமில்லை.

கூடை வடிவ வாய்ப்பூட்டு வாயைக் கட்டுவதில்லை. வாயைச் சுற்றி ஒரு வெளியை உருவாக்குகிறது. அந்த வெளி போதுமானதாக இருந்தால் நாய் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பிகளினூடே தீனியும் வாங்கிக்கொள்ளலாம். குட்டையான, அகன்ற கூடைகள் அரிது. ஆகவே முகத்தை அளந்து செய்விப்பதே பெரும்பாலும் வழி. அளவெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்: வாய் மூடியிருக்கும்போது எடுத்த அளவு பயன்படாது. ஓடி விளையாடி, நாக்கு தொங்க இரைக்கும் நேரத்தில் மூக்கின் மேற்புறத்திலிருந்து கீழ்த்தாடையின் அடி வரையுள்ள உயரத்தை எடுத்து, கூடையின் உள் உயரம் அதற்குக் குறையாதபடி செய்ய வேண்டும். மூக்கின் முன்னும் இடைவெளி தேவை. கண்களுக்கிடையே ஏறி, தலைக்குப் பின்னுள்ள வாரோடு சேரும் நெற்றிவார் இல்லாத கூடை சப்பை முகத்தில் நிற்காது. நாய் முன்னங்காலால் ஒருமுறை இழுத்தாலே போதும். கம்பிக் கூடையில் காற்றோட்டம் அதிகம். ஆனால் விளிம்பில் மென்பட்டை வைக்காவிட்டால் கண்ணடியும் தோல் மடிப்பும் புண்ணாகும். சிலிக்கோன் மென்மையானது, எனினும் துளைகள் சிறியவையாக இருந்தால் வெப்பத்தைத் தேக்கும், கடிக்கும் வேகத்தில் வளைந்தும் கொடுக்கும். கடிப்பதைத் தடுப்பதே நோக்கமென்றால் கம்பியையே தேர்ந்தெடுப்பேன்.

குப்பையைத் தின்பது மட்டுமே சிக்கலென்றால் வாய்ப்பூட்டே இல்லாத வழியும் போட்டியில் உண்டு: குட்டைக் கயிறு, கழுத்தை அழுத்தாத மார்புப்பட்டை, ‘விடு’ என்ற கட்டளைக்குப் பொறுமையான பயிற்சி. கழுத்துப்பட்டை இழுபட்டால் மூச்சுப்பாதை நெருக்கப்பட்டு, கண்ணுக்குள்ளும் அழுத்தம் கூடுவதால், எந்த வழியைக் கொண்டாலும் மார்புப்பட்டை கட்டாயம். கூடையின் அடிக் கம்பிகளினூடே சிறு துண்டுகளை நக்கி எடுக்கும் நாய்களும் உண்டு. அதனால் அந்தப் பயிற்சி கூடை அணிந்த நாய்க்கும் வேண்டும்.

கூடையைத் தேர்ந்தபின், அதனுள் தீனியைத் தடவி, நாய் தானாக முகத்தை நுழைக்கும்வரை காத்திருந்து, நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்ட வேண்டும். அவசரப்படுத்தினால் அச்சத்தாலேயே அதற்கு மூச்சு முட்டும். ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, குறட்டை போன்ற ஒலி மிகுந்தாலோ உடனே கழற்றி, நிழலில் நிறுத்தி, உடலைத் தண்ணீரால் நனைத்துக் குளிர்வித்தபடியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே இரைச்சலோடு மூச்சுவிடும் நாயை முதலில் மருத்துவரிடம் காட்டி மூச்சுப்பாதையைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அதன் பிறகே வாய்ப்பூட்டுக்கு அளவெடுங்கள்.