ஊடகம் படிக்க: கம்பஸா, கொழும்பா, சென்னையா, நேரே பத்திரிகைக் கந்தோரா?

ஏ.எல் பெறுபேறு வந்த கையோடு கலைப்பிரிவுப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு வாதம் தொடங்கும். "ஊடகம் படிக்கப் போறன் அம்மா" என்று பிள்ளை சொல்லும். "அதைப் படிச்சு என்ன வேலை எடுப்பாய்?" என்று தாய் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அதற்கு முன்னால் வேறொன்று கேட்க இருக்கிறது: போகிற இடத்தில் நீ எழுதியதை யார் திருத்தப் போகிறார்கள், எவ்வளவு விரைவில் திருத்துவார்கள்? பாடத்திட்டம், கமரா, கலையகம் எல்லாம் பிறகு. செய்தி மேசையில் இருக்கிறவனின் ஒருபக்கப் பார்வை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த க. கைலாசபதி, அதற்கு முன் தினகரன் ஆசிரியராக இருந்தவர். அப்படி ஒரு பத்திரிகையாளர் கையில் தொடங்கிய இடத்தில் ஊடகம் தனித்துறையாக வர மிக நீண்ட காலம் எடுத்தது. முதலில் ஊடக வளங்கள் பயிற்சி மையம், இதழியல் டிப்ளோமா என்று வந்தது. இன்று கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது.

இதன் பலம் பணத்தில் தொடங்குகிறது. படிப்புக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல அல்லது பேசரி உதவிப்பணம், வீட்டுச் சாப்பாடு, போடிங் காசு மிச்சம். நான்கு ஆண்டு சிறப்புப் பட்டம் கையில் இருந்தால் ஊடகம் கைவிட்டாலும் போட்டிப் பரீட்சை எழுதலாம், அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதைக் கேவலமாகப் பேசுகிற மூத்த ஊடகவியலாளர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு ஓய்வூதியம் இல்லை.

பலவீனம்? எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ளதுதான். ஒப்படை கொடுத்தால் புள்ளி வரும். ஆனால் ஆறுதலாக வரும். பத்தொன்பது வயதில் எழுதிய பந்திக்கு நாற்பது நாள் கழித்து "நன்று, மேற்கோள் போதாது" என்று குறிப்பு வந்தால் அதில் கை பழகாது. போதாததற்கு வேலைநிறுத்தம், பரீட்சை பிந்துதல், நான்கு ஆண்டு ஐந்தாக நீளுதல்.

நேரே பத்திரிகைக்குப் போனால் இதற்கு நேரெதிர். 1841இல் உதயதாரகை வெளிவந்த மண் இது. 1959இல் ஈழநாடு, 1985இல் உதயன் என்று தொடர்ந்து, ஊரிலேயே அச்சாகும் பத்திரிகையை ஊரே வாசிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே திருத்தம் அன்றிரவே நடக்கும். எப்படி என்று ஓர் உதாரணம். புதிதாக வந்த தம்பி ஒருவர் இப்படி அனுப்புவார்:

"கோண்டாவில் பகுதியில் இன்று அதிகாலை இடம்பெற்ற கோர விபத்தில் இளைஞர் ஒருவர் பரிதாபமாக உயிரிழந்துள்ளார். சம்பவம் தொடர்பில் மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்."

மேசையில் இருக்கிறவர் முதலில் "கோர"வையும் "பரிதாபமாக"வையும் வெட்டுவார். பிறகு கேள்விகள். எந்தச் சந்தி? மோதியது என்ன? தெருவிளக்கு எரிந்ததா? அதே இடத்தில் முன்னரும் விபத்து நடந்ததா? யார் சொன்னது: பொலிஸா, அயலவரா, ஆஸ்பத்திரியா? வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்தி விட்டார்களா, இல்லை பேர் போட்டு நாங்கள்தான் முதலில் சொல்லப் போகிறோமா? கடைசி வசனம் தேவையே இல்லை. விசாரிப்பது பொலிஸின் வேலை, அது செய்தி இல்லை. தம்பி திரும்ப ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போவார். போய் வந்தபின் எழுதுவது வேறு செய்தி. இப்படி ஆறு மாதம் போனால் அந்த வசனங்கள் கைக்கு வரவே வராது.

ஆனால் இந்தத் திருத்தம் எல்லா மேசையிலும் நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் குறைவு, பக்கம் நிரம்ப வேண்டும். அனுப்பியது அப்படியே போய்விடும் இரவுகளும் உண்டு. இணையத்தளங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் போட்டதை மற்றவர் எடுத்துப் போடும் வேகத்தில் திருத்துவதற்கு ஆள் எங்கே? பிரதேசச் செய்தியாளருக்கு மாதச் சம்பளம் கிடைப்பது அரிது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு, பெற்றோல் தன் செலவு.

ஆபத்தையும் மறைக்க முடியாது. 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாட்களிலேயே ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2000 ஒக்ரோபரில் ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே மாதத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். தாய்மார் இந்தத் தொழிலுக்குப் பயப்படுவது அறியாமையால் அல்ல. இன்று நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் நியமனக் கடிதம் இல்லாமல், செய்திக்குக் காசு வாங்கும் பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டால் பின்னால் நிற்க ஒரு நிறுவனம் இல்லை. கந்தோரில் நேரே சேருகிறவர்களுக்கு நான் காணும் பெரிய ஓட்டை இங்கேதான்: சட்டம் தெரியாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 14 வேலை நாட்களுக்குள் பதில் கேட்கலாம் என்பது தெரியாமல் பிரதேச சபை வாசலில் வாரக்கணக்காக நிற்பார்கள். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தங்கள் முகநூல் பதிவையும் தொடும் என்பதும் தெரியாது. இதை இரவு ஒன்பது மணி மேசையில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தர மாட்டார்கள். வகுப்பறை தேவைப்படுவது இதற்குத்தான்.

திருகோணமலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி அங்கே கொண்டுபோய் விட்டால் தயங்காமல் போகலாம். மூவினமும் வாழும் ஊர், செய்திக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் இருந்து அரை நாள் பஸ்.

கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி 2004இல் இருந்து டிப்ளோமா நடத்துகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். அங்கே படிப்பிப்பவர்களில் தொழிலில் இருப்பவர்கள் உண்டு. ஆகவே என் அளவுகோலில் அது உயரத்தான் நிற்கிறது. பயிலுநராக வீரகேசரி, தினக்குரல் போன்ற பத்திரிகைகளின் கதவைத் தட்டலாம், பாராளுமன்றமும் உயர் நீதிமன்றமும் பக்கத்தில். எல்லாவற்றிலும் பெரிய லாபம் சிங்களம். பொலிஸ் பேச்சாளர் சொல்வதை மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் நேரே கேட்டு எழுதுகிற யாழ்ப்பாணச் செய்தியாளருக்கு எந்தக் கந்தோரிலும் மதிப்பு. குறை, அது பட்டம் அல்ல. கட்டணமும் வெள்ளவத்தை வாடகையும் சேர்ந்தால் கையைக் கடிக்கும். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர், அல்லது இரண்டு மூன்று வருடம் செய்தி எழுதியவர் போனால் பலன் இரட்டிப்பு. ஏ.எல் முடித்த கையோடு போகிறவர்களுக்கு அதை நான் முதல் தெரிவாகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் சென்னை. பலாலியில் விமானம் ஏறினால் கொழும்புக்குப் பஸ்ஸில் போவதைவிட விரைவாகப் போய்விடலாம் என்பதால் இந்த ஆசை கூடியிருக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பாடல்), சினிமா, ஒளிப்பதிவு என்றால் நானும் சென்னை என்றுதான் சொல்வேன். அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நின்று பழகுவதற்கு இங்கே ஈடு இல்லை. லயோலா போன்ற கல்லூரிகளின் பெயரும் பெரிது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஆண்டுதோறும் தரும் புலமைப்பரிசில் கிடைத்தால் செலவும் தாங்கும். ஆனால் செய்தி எழுதப் போகிறவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே படிக்கும் ஊடகச் சட்டம் இந்தியாவுக்கானது. இலங்கையில் 2002இல் நீக்கிய குற்றவியல் அவதூறு இந்தியாவில் இன்னும் குற்றம். இங்கே நம் தலைக்கு மேல் தொங்கும் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தப் பாடப் புத்தகத்தில் இருக்காது. பிரதேச செயலகம், மாகாண சபை, காணி ஆணையாளர் என்று நம் செய்தியின் பாதிப் பெயர்கள் அங்குள்ள ஆசிரியருக்குப் புதிது. திரும்பி வந்து அரச வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால், சேருமுன் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, என் பிள்ளை என்றால்? இசட் புள்ளி கிடைத்தால் திருநெல்வேலியில் இருக்கிற யாழ் கம்பஸ்தான். கூடவே இரண்டாம் வருடத்தில் இருந்து வாரத்தில் மூன்று பின்னேரம் ஒரு பத்திரிகை மேசையில் இருக்க வைப்பேன், சம்பளம் இல்லாவிட்டாலும். விரிவுரையில் கேட்ட சட்டத்தை அன்றிரவே ஒரு செய்தியில் பொருத்திப் பார்க்கலாம். பட்டம் முடிந்தபின் சிங்களத்துக்காகக் கொழும்பில் ஒரு வருடம். புள்ளி கிடைக்காத பிள்ளைக்கு வரிசையைத் திருப்புவேன்: முதலில் கந்தோர், இரண்டு வருடம் கழித்து டிப்ளோமா.

ரவுணில் ஆறு மாதத்தில் அறிவிப்பாளர் ஆக்குகிறோம் என்று விளம்பரம் போடுகிற தனியார் வகுப்புகளும் இருக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. காசு கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன அணியில் படித்த ஒருவர் எழுதி, வெளியான மூன்று செய்திகளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கம்பஸிலும் கொழும்பிலும்கூட இதையே கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். செய்தியை எடுத்துக் காட்டாமல் கலையகத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கினால், பற்றுச்சீட்டு எழுத விடாமல் எழும்பி வாருங்கள்.